புட்டுப் பரீட்சை

யாழ்ப்பாணத்துக் குசினிக்குள் புதுச் சாமான் எது வந்தாலும், ஜெர்மன்காரன் செய்ததோ சீனாக்காரன் செய்ததோ, முதலில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "உதில புட்டு அவிக்கேலுமோ?" ஏலுமென்றால் உள்ளே. ஏலாதென்றால் அதன் எதிர்காலம் பரணுக்கு மேல். சேவைக்காலம் முழுக்கப் பௌதிகம் படிப்பித்து, எத்தனையோ வினாத்தாள் தயாரித்தவன் நான். இவ்வளவு சுருக்கமான, இவ்வளவு ஈவிரக்கமில்லாத வினாத்தாள் ஒன்றை என்னாலும் தயாரிக்க முடிந்ததில்லை.

பரீட்சகர் என் மாமி. எண்பதைத் தாண்டிவிட்டார். கண் கொஞ்சம் மங்கல், காது நல்ல கூர். நான் பென்சன் எடுத்த கையோடு சமையலில் இறங்கியதை மனுசி எதிர்க்கவில்லை. அவவுக்கு இன்னும் கந்தோர் இருக்கிறது. பின்னேரம் வந்தால் கறி இருக்கிறது. இதில் என்ன வழக்கு? மாமிக்குத்தான் சங்கடம். மருமகனை நேரே ஒன்றும் சொல்ல முடியாது. ஆகவே சுவரைப் பார்த்துச் சொல்வார். "ஆம்பிளையள் குசினிக்குள்ள நிண்டால் வாழைக்கு ஆர் தண்ணி கட்டுறது?" சுவர் பதில் சொல்லாது. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன்.

முதலில் பரீட்சைக்கு வந்தது, ஸ்காபரோவில் இருக்கும் மூத்தவள் அனுப்பிய ரைஸ் குக்கர். கண்ணாடி மூடி, ஏழெட்டுப் பொத்தான், சோறு வெந்ததும் பாட்டுப் படிக்கும் என்று கேள்வி. அந்தப் பாட்டை நாங்கள் கேட்கவில்லை. கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ற்று, எங்களுடையது 230. சூடு வோல்ற்றளவின் வர்க்கத்தோடு ஏறும் என்று எத்தனையோ பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். 230 ஐ 120 ஆல் பிரித்து வர்க்கித்தால் 3.7 கிட்ட வரும். 500 வாற்றுக் குக்கர் இங்கே சொக்கற்றில் ஏறினால் 1,800 வாற்றுக்கு மேல் இழுக்கப் பார்க்கும். சோறு வேகுமுன் குக்கர் வெந்துவிடும். இதை மாமிக்கு விளங்கப்படுத்தினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப அங்கத்தைய கரண்ட் எங்கட கரண்டில அரைவாசிதான். பிள்ளை என்னத்தைக் கண்டு அங்க போனது?"

இடையில் ஒரு ட்ரான்ஸ்ஃபோமர் வைத்தால் வேலை செய்யும். ரவுணில் விசாரித்தேன். அதன் பாரத்துக்கும் விலைக்கும் இங்கேயே ஒரு குக்கர் வாங்கி, மிச்சக் காசில் நண்டும் வாங்கலாம். பாட்டுக்காரர் இப்போது செத்தல் மிளகாய் போட்டு வைக்கும் பாத்திரமாக உத்தியோகம் பார்க்கிறார்.

எறியக்கூடாதோ என்று கேட்பீர்கள். யாழ்ப்பாணத்தில் குசினிச் சாமானை எறிகிறவன் சரித்திரம் படியாதவன். எங்கள் வீட்டில் நாலு அடுப்பு. பின்பக்கக் கொட்டிலில் விறகடுப்பு, பலகைக்குக் கீழே திரி போட்ட மண்ணெண்ணெய்க் குக்கர், மேலே காஸ், அதற்குப் பக்கத்தில் கரண்ட் அடுப்பு. வருகிறவர்கள் வசதி என்று நினைக்கிறார்கள். வசதியல்ல, அனுபவம். 1990 இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் மருந்துபோல அளந்து விடுகிற பொருளானது. மாமி ஆசையாக வாங்கிய கிரைண்டரின் தலையில் ஜாம் போத்தல் விளக்கு ஏறிக் குந்தியது; மூலையில் கிடந்த அம்மி மரியாதையோடு திரும்பி வந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தபோது, மாமி சைக்கிள் கரியரில் கட்டியது புட்டுப்பானையையும் நீத்துப்பெட்டியையும். கிரைண்டரை ஏன் விட்டீர்கள் என்று பிறகு கேட்டதற்கு, "கரண்ட் வந்தால் அது தானா வரட்டும் எண்டு விட்டனான்" என்றாராம்.

அதெல்லாம் பழங்கதை என்று காஸில் சொகுசாக இருந்தோம். 2021 கடைசியில் நாடெங்கும் காஸ் அடுப்பு வெடிக்கிற செய்தி வரத் தொடங்கியது. கொழும்பில் 2,675 ரூபா விற்ற 12.5 கிலோ சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ஆனது. காசு இருந்தாலும் சிலிண்டர் இல்லை. கரண்ட் அடுப்புக்குத் தாவலாமென்றால், மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. மண்ணெண்ணெய்க்கு வரிசை. வெள்ளவத்தை மாடிவீட்டில் இருக்கிற சகலன் போனில் அழாக்குறை. மாமி கொட்டிலுக்குள் போய்ப் பன்னாடையைக் கொளுத்தி, கங்குமட்டையை முறித்து வைத்து, ஊமலை அடுக்கிப் புட்டு அவித்தார். அந்த நாட்களில் அவர் என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்தும் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

எயார் ஃபிரையர் வந்தது லண்டன் மச்சாளின் புண்ணியத்தில். லண்டன் சாமானில் வோல்ற்று வில்லங்கம் இல்லை. 2010 இல் பிலிப்ஸ் நிறுவனம் சந்தைக்கு விட்ட இந்தச் சாமானின் மூளை ஓர் ஒல்லாந்தருடையது. யாழ்ப்பாணத்தில் கோட்டை கட்டிய ஒல்லாந்தர், போய் இத்தனை காலத்துக்குப் பிறகு எங்கள் தாச்சிச் சட்டியிலும் கை வைப்பார்களென்று ஆர் கண்டது? பேரில்தான் பொரியல், உள்ளே நடப்பது போறணை வேலை. மேலே ஒரு சூட்டுக் கம்பிச்சுருள், அதற்கும் மேலே ஒரு விசிறி. 200 பாகை வரை சூடேறிய காற்றைச் சுழற்றி அடிக்கிறது. வாழைக்காய்க்குச் சரி. கத்தரிக்காய்க்கு மிகச் சரி. பொரிக்கும்போது கத்தரிக்காய் குடிக்கிற எண்ணெயைக் கண்ணால் கண்டவர்கள் இந்த மெசினைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அப்பளத்துக்குச் சரியில்லை. பாரமில்லாத சாமான் அல்லவா, விசிறி அதைத் தூக்கிக் கம்பிச்சுருளில் ஒட்டவைத்துவிட்டது. ஒழுங்கை முடியும்வரை மணம். முன்வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டி, "என்ன மாஸ்ரர், ஆட்டுத்தலை வாட்டுறியளோ?" என்று அன்பாக விசாரித்தார்.

பிறகு பருத்தித்துறைத் தட்டை வடை. மேலால் எண்ணெய் தடவி வைத்தேன். மொறுமொறுவென்றுதான் வந்தது. மாமி ஒரு துண்டைக் கடித்து, மெல்லாமல் வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"வடைதான். எண்ணெயைக் காணாத வடை."

கேட்காமல் விட்டால் பாவம் என்று நினைத்தாரோ என்னவோ, வழக்கமான கேள்வியையும் கேட்டார். உள்ளே இருப்பது வறண்ட காற்று, நீராவி இல்லை என்றேன். தலையை ஆட்டினார். தீர்ப்பு எழுதியாயிற்று. ஆனால் மாரிகாலத்தில், வெயிலே இல்லாத கிழமைகளில், மோர்மிளகாய் காயவைக்க இதைவிட நல்ல சாமான் இல்லை என்பதை மாமியே கண்டுபிடித்தார். எயார் ஃபிரையருக்கு எங்கள் வீட்டில் ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் மவுசு.

புட்டுப் பரீட்சை எழுதாமலே பாஸான ஒரே சாமான் பிரெஷர் குக்கர். 1679 இல் டெனி பப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் எலும்பை இளக்குவதற்கென்று கண்டுபிடித்தது அதன் மூதாதை. அமுக்கத்தை ஏற்றினால் தண்ணீர் 120 பாகைவரை போய்த்தான் கொதிக்கும். எலும்பென்ன, ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சிக்கு முன்னால் மாமியின் கொள்கைகளே இளகிவிடும்.

சமையல் புத்தகங்களின் கதை வேறு. எங்கள் வீட்டில் பழையது மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்'. 1951 இல் சென்னையில் வந்தது, மரக்கறிச் சமையல். விரத நாட்களில் மட்டும் கீழே இறங்கும். மீன் வாங்கிய நாளில் அதைத் திறந்து வைப்பதே அபசாரம் என்பது மாமியின் எண்ணம். 2003 இல் இந்தியாவில் நேசா எலியேசர் பதிப்பித்த யாழ்ப்பாணத் தமிழர் சமையற் குறிப்புகள் ஆங்கிலத்தில் இருந்தாலும், தலைப்பிலேயே ஒடியல் கூழும் குரக்கன் புட்டும் இருப்பதால் அட்டையோடு பாஸ். கடைசியாக மச்சாள் அனுப்பியது 'ரம்புட்டான்'. 2022 இல் வந்தது. எழுதிய சிந்தியா சண்முகலிங்கம் இங்கிலாந்தில் கொவன்றியில் பிறந்தவர், லண்டனில் அதே பேரில் உணவகமும் நடத்துகிறார். படங்களை மாமி கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். குறிப்பைப் பற்றி ஒரு வார்த்தையில்லை. "சண்முகலிங்கமோ? எந்த ஊர்ச் சண்முகலிங்கம்?" என்பதில் அன்றைய பின்னேரம் முழுக்கப் போனது. பேருக்கு ஊரும் ஒழுங்கையும் தெரியாமல் அந்தப் பிள்ளையின் கறியில் உப்புச் சரியோ பிழையோ என்று எப்படிச் சொல்வது?

புத்தகங்கள் எல்லாம் அளவில் நிற்கின்றன. மாமியிடம் இருக்கிற அளவு சுண்டு ஒன்றுதான், அதுவும் பழைய பால்பேணி. தண்ணீர் எவ்வளவு என்று கேட்டால், "மாக் கேக்கிற அளவு." உப்பு? "கைக்குத் தெரியும்." விஞ்ஞானம் படிப்பித்தவனுக்கு இது பெரிய சவால். இலத்திரனியல் தராசு ஒன்று வாங்கி, மாச்சட்டிக்குக் கீழே சத்தமில்லாமல் வைத்து, மாமி மாவைப் பிடிபிடியாக அள்ளிப்போடப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு பிடிக்கும் அடுத்த பிடிக்கும் இரண்டு மூன்று கிராம் வித்தியாசம். பாடசாலை ஆய்வுகூடத்தில் என் மாணவர்களிடம் காணாத துல்லியம். மங்கல் கண் அந்தச் சின்ன வெளிச்சத்தை மட்டும் எப்படிக் கண்டதோ.

"உது என்ன தம்பி, நகைக்கடைத் தராசோ? மாவில களவெடுக்கிறன் எண்டு பாக்கிறியளோ?"

புது உணவுகளும் இதே வாசலால்தான் வரவேண்டும். எனக்குச் சீனி வருத்தம் என்றறிந்து மூத்தவள் கீன்வா அனுப்பினாள். அந்தீஸ் மலைத் தானியம், ஐ.நா. 2013 ஐ அதற்கென்று ஒதுக்கிக் கொண்டாடியது. குரக்கன் சாமை வகையறாவுக்கு அந்த மரியாதை 2023 இல்தான் கிடைத்தது. குரக்கன் புட்டில் வளர்ந்த மாமிக்கு இந்தப் பத்து வருடப் பிந்தலில் மனத்தாங்கல். கீன்வாவில் இரண்டு மணியை நாக்கில் வைத்துப் பார்த்தவர், "கயர்க்குது. ஒடியல் மாவுக்குச் செய்யிறமாதிரி ஊறவிட்டுத் தண்ணியை ஊத்தவேணும்" என்றார். அந்தீஸ்காரர்களும் அதைக் கழுவித்தான் சமைக்கிறார்கள், மேற்தோலில் இருக்கிற சப்போனின் கசக்கும் என்பதற்காக. காயவைத்துத் திரித்து மாவாக்கிப் புட்டு அவித்தோம். கட்டைச் சம்பலோடும் சொதியோடும் சாப்பிடும்போது கீன்வா என்றே தெரியவில்லை. தெரியாமல் சாப்பிடுவதற்கு இந்த விலை கொடுத்து ஏன் வாங்குவான் என்று மாமி சுவரைக் கேட்டார். நியாயமான கேள்விதான்.

முழுப் புள்ளியோடு பாஸானது ஃபூட் புரொசெஸர். புட்டில் கையை வருத்துவது அவிப்பதல்ல, கொத்துவது. வறுத்த சிவப்பரிசி மாவில் கொதிதண்ணீரை விட்டு அகப்பைக்காம்பால் கிளறினால் மா கட்டிகட்டியாகத் திரளும். அந்தக் கட்டிகளைச் சுண்டின் விளிம்பால், சட்டியைச் சுற்றிச் சுற்றி, மணிமணியாக வரும்வரை கொத்தவேண்டும். மாமியின் வலது தோள் மூட்டு இந்த வேலையில்தான் தேய்ந்தது. மெசினில் பொத்தானை அமத்தி அமத்தி விட்டால் போதும்; அமத்தியபடி பிடித்தால் களி. மூடிக்குள்ளே கட்டிகள் குதித்து உடைந்து, கண்ணாடியில் மோதுகிற சத்தம் மெல்ல மெல்ல மழைத்தூறலாகக் குறைகிறபோது நிறுத்தவேண்டும். மாமி கண்ணால் பார்க்கவில்லை, காதால் கேட்டு "காணும்" என்றார். அன்றிலிருந்து மெசினை நான் அமத்த, மாமி "காணும்" சொல்ல, கூட்டு வியாபாரம் நடக்கிறது.

ஆனால் அவிப்பது நீத்துப்பெட்டியில்தான். இதில் நானும் மாமி பக்கம். எவர்சில்வர் ஸ்ரீமரில் நீராவி உலோகத்தில் பட்டுக் குளிர்ந்து துளியாகிப் புட்டின் தலையில் சொட்டும். பனையோலை ஈரத்தைத் தான் குடித்துக்கொண்டு, மிச்ச ஆவியை இடுக்குகளால் வெளியே விட்டுவிடும். சாதனங்கள் செய்கிற பெரிய நிறுவனம் ஒன்றும் இதுவரை இதற்கு மாற்றுச் செய்யாததற்குக் காரணம், நீத்துப்பெட்டி செய்து அவர்கள் சம்பாதிக்கக்கூடிய காசு என்று நினைக்கிறேன்.

போன கிழமை மூத்தவள் வீடியோவில் வந்தாள். நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறாளாம். மைக்கிறோவேவ் ஒன்று கொண்டுவரட்டோ என்றாள். வேண்டாம் மகள், வோல்ற்று, என்றேன். "அப்ப எனக்கு ஒரு நீத்துப்பெட்டி வாங்கி வையுங்கோ அப்பா. இஞ்ச ஸ்ரீமரில அவிச்சால் களியாப் போகுது." அடுத்த நாளே மாமியை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிச் சந்தைக்குப் போனேன். ஒவ்வொரு பெட்டியாக எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்து இடுக்குப் பார்த்தார், விளிம்பை விரலால் நெரித்துப் பார்த்தார், விலையையும் நெரித்தார். காசைக் கொடுத்து ஓட்டோவில் ஏறி இருந்த பிறகு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு என்னைத்தான் கேட்டார், சுவரை அல்ல:

"தம்பி, அங்கத்தைய கரண்டுக்கு இது சரிவருமோ எண்டு பிள்ளையை ஒருக்காக் கேட்டனீங்களோ?"