சிலந்தி வீட்டின் உரிமையாளர் யார்? ஒரு கடாவிடை

ஆய்வுக்களம் பெங்களூர் காக்ஸ் டவுனில் என் அக்கா வீட்டின் இரண்டாம் மாடி. ஆய்வுப்பொருள், அக்கா மகன் படிப்பதாகச் சொல்லும் மேசைமேல் இருக்கும் கண்ணாடிப் பெட்டி. அதனுள், உரிய தாள்களோடு வந்த மெக்சிகோச் செம்முட்டிச் சிலந்தி ஒன்றும், ஸ்பிரிங்டெயில் என்னும் எண்ணி முடியாத பொடி உயிர்களும் வசிக்கின்றன. பெட்டி சிலந்தியுடையது, மற்றவை கூட்டிப் பெருக்க வந்தவை என்பது உலக வழக்கு. அது பிழை. சிலந்தி வெறும் குடித்தனக்காரி. ஸ்பிரிங்டெயிலே வீட்டுக்காரர் என்க.

முதலில் வகைப்பாடு. தொல்காப்பியர் மரபியலில் எறும்பையும் சிதலையும் மூவறிவில் வைத்தார், நண்டையும் தும்பியையும் நான்கறிவில் ஏற்றினார். இப்பெட்டிகளில் பெரிதும் புழங்கும் வெள்ளை ஸ்பிரிங்டெயிலான ஃபோல்சோமியா காண்டிடாவுக்குக் கண்ணே கிடையாது. தொடும், சுவைக்கும், மோக்கும், அவ்வளவே. ஆகவே மூவறிவு. தொல்காப்பியர் இதைப் பார்த்திருப்பாரோ எனின், பார்த்திருந்தாலும் தூசி என்று ஊதியிருப்பார். நீளம் ஓரிரு மில்லிமீட்டர். ஆறு கால் இருந்தும் இதைப் பூச்சி என்று இன்றைய விலங்கியலார் ஒப்புவதில்லை, வாயுறுப்புகளைத் தலைக்குள் ஒளித்து வைத்திருக்கிறதாம். வாலை வயிற்றுக்கடியில் மடித்துக் கொக்கியில் மாட்டி வைத்திருக்கும். ஆபத்தென்றால் கொக்கி விடும், ஆள் தெறிப்பார். இவ்வினத்தில் ஆண்கள் அரிது, பெண்களே பெண்களைப் பெற்றுக்கொள்கிறார்கள். வீட்டுக்காரர் என்று எழுதியதை வீட்டுக்காரம்மா என்று திருத்தி வாசிக்க.

இனிப் பட்டா. ஸ்காட்லாந்தின் ரைனி என்னும் ஊர்ப் பாறையில் கிடைத்து 1926இல் விவரிக்கப்பட்ட ஸ்பிரிங்டெயில் புதைபடிவத்துக்கு வயது சுமார் 40 கோடி ஆண்டு. இவ்வளவு பழைய பத்திரம் பெங்களூரில் யாரிடமும் இல்லை. அதே பாறையில் சிலந்தியின் உறவினரும் உண்டே எனின், அற்றன்று. அவை நூல் நூற்கத் தெரியாத பங்காளிகள், வாரிசுரிமை செல்லாது. செம்முட்டிப் பெண் 20 ஆண்டுக்கு மேலும் வாழ்வாள் என்பது உண்மைதான். ஆனால் பத்து மாத அட்வான்சும் பதினோரு மாத ஒப்பந்தமும் கேட்கும் ஊரில், அட்வான்சே கொடுக்காமல் குடியேறியவள் அவள்.

வீட்டுக்காரர் குப்பை அள்ளுவாரோ எனின், அது குப்பையன்று, சாப்பாடு. சிலந்தி சிள்வண்டை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்புகிறது. சக்கையில் பூசணம் பூக்கிறது. பூசணத்தை ஸ்பிரிங்டெயில் மேய்கிறது. குடித்தனக்காரி சமைத்துப் போட வீட்டுக்காரர் உண்கிறார் என்பதே இதன் பொருள். பெரிய சக்கையையும் உரித்த சட்டையையும் இவை தொலைத்துக் கட்டும் என்று நம்பிப் பயனில்லை; இடுக்கியால் நாம்தான் எடுக்க வேண்டும். காலையில் எங்கள் தெருவுக்கு வரும் குப்பை ஆட்டோவைப் போல இங்கேயும் ஹசி கச (ஈரக் குப்பை) தனி, ஒண கச (உலர் குப்பை) தனி.

வழக்கு முற்றுவது ஈரத்தில். செம்முட்டிக்காரிக்குத் தரை காய்ந்திருக்க வேண்டும். ஸ்பிரிங்டெயில் தோலால் மூச்சு விடுவது, காய்ந்தால் செத்தது. சென்ற ஏப்ரலில் மருமகன் குடித்தனக்காரி பக்கம் சாய்ந்து பெட்டி முழுவதையும் காயவிட்டான். ஒரே வாரத்தில் வீட்டுக்காரர் வம்சம் மறைந்தது, அடுத்த சக்கையில் பச்சைப் பூசணம் மயிர் விட்டது. அதன்பின் எட்டிய சமரசம்: தேங்காய் நார்த்தூளின் அடித்தட்டும் தண்ணீர்க் கிண்ணத்தை ஒட்டிய மூலையும் ஈரம், அங்கே நாலு சருகு, மேல்தட்டும் எஞ்சிய இடமும் காய்ச்சல். மூலைக்கு ஊற்றுவது குளோரின் போக ஓர் இரவு திறந்து வைத்த குழாய்த் தண்ணீர், அதாவது காவிரி. இரண்டு மாநிலங்கள் டி.எம்.சி. கணக்கில் வழக்காடும் ஆறு, இம்மேசையில் கரண்டிக் கணக்கில் சச்சரவின்றிப் பங்கிடப்படுகிறது.

வம்சம் அற்றுப்போகாமலிருக்க ஒரு பூர்வீக வீடும் வேண்டும். மூடியுள்ள டப்பாவில் இஸ்திரி வண்டிக்காரர் கொடுத்த மரக்கரி, அடியில் விரற்கடைத் தண்ணீர், மேலே ஐந்தாறு அரிசி. அரிசியில் பூசணம் பிடித்தால் கவலை வேண்டா, அதற்காகத்தான் போட்டது. இரக்கப்பட்டு ஒரு பிடி போட்டால் உண்ணிக்கூட்டம் வந்து உட்காரும். அவர்களைக் காலி செய்விக்க எந்த நீதிமன்றத்தாலும் ஆகாது. வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து காற்று விட வேண்டும். எடுக்கும் முறை எளிது: டப்பாவில் தண்ணீர் நிறைத்தால், இவற்றின் தோலில் நீர் ஒட்டாதாகையால், எல்லாம் மிதந்து மேலே வரும், அப்படியே சிலந்திப் பெட்டியின் ஈர மூலையில் சாய்த்துவிடலாம். இந்தக் குடிபுகு விழாவுக்கு நான் ஒருமுறை நேரில் சென்றேன். பால் காய்ச்சவில்லை.

முடிவுரை எழுதும் நிலையில் அக்கா குறுக்கிட்டாள். முதல் ஸ்பிரிங்டெயில் டப்பாவுக்கு மகன் காசு கொடுத்தான் என்பதை அன்றுதான் அறிந்தாள் போலும். ஒன்றும் பேசாமல் எங்களைப் பால்கனிக்கு அழைத்துப் போய் ரோஜாத்தொட்டியைத் தூக்கினாள். தட்டின் ஈரத்தில் வெள்ளைப் புள்ளிகள் தெறித்துக் குதித்தன.

"இதுக்காடா காசு குடுத்தே?"

இது ஃபோல்சோமியாதானா, வேறு இனமா என்று பார்க்க மருமகன் பூதக்கண்ணாடி எடுத்து வருவதற்குள், அக்கா வழக்கம்போல் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டிருந்தாள்.