டாக்டர் சொன்னதும் குரூப்பில் வந்ததும்

கே: கொரோனா சமயத்தில் நிபுணர்கள் நாளுக்கொரு பேச்சு பேசினார்களே, எப்படி நம்புவது?
– திருச்சி வாசகர்

ப: பேச்சை மாற்றியதில் எனக்குக் குறையில்லை. கிருமி புதுசு, தகவலும் புதுசு. முதல் நாளே முடிந்த முடிவாகப் பேசினார்கள் பாருங்கள், அங்கேதான் வினை. 2020 மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனம், 'இது காற்றில் பரவும் நோய் அல்ல' என்று ட்விட்டரில் அடித்துச் சொன்னது. காற்றிலும் பரவும் என்று அதன் இணையதளம் தெளிவாக எழுதியது 2021-ல்தான். 'இப்போதைக்குத் தெரிந்தவரை' என்று முதலிலேயே சேர்த்திருந்தால், வாங்கிய வசவில் பாதி மிச்சம்.

கே: நடிகர் விவேக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டு இறந்தாரே?
– தேனி வாசகி

ப: ஏப்ரல் 15, 2021 அன்று ஊசி, 17 அன்று மரணம். மக்களின் பயத்தைப் போக்கத்தான் அவர் கேமரா முன்னால் கையை நீட்டினார், பாவம். மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்ற மத்தியக் குழுவின் முடிவு அக்டோபரில் வெளியானது. விசாரணைக்கு ஆறு மாதம். வதந்திக்கு ஆறு நிமிடமே அதிகம்.

கே: பெரிய ஆய்விதழில் வந்துவிட்டால் நம்பலாம்தானே?
– நாகர்கோவில் வாசகர்

ப: 'லான்செட்'டை விடப் பெரிய இதழ் உண்டா? 12 குழந்தைகளை வைத்து, எம்.எம்.ஆர். தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்ட டாக்டர் வேக்ஃபீல்டின் கட்டுரை 1998-ல் அதில்தான் வந்தது. திரும்பப் பெற்றது 2010-ல். கொரோனாவுக்கு மருந்தாகப் பேசப்பட்ட ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பற்றி 2020 மே மாதம் வந்த கட்டுரைக்கோ, மூலத் தரவைக் கேட்டால் கிடைக்கவில்லை. இரண்டே வாரத்தில் வாபஸ். தேறியிருக்கிறார்கள்!

கே: அப்படியானால் லான்செட்டும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பும் ஒன்றுதானா?
– அதே நாகர்கோவில் வாசகர்

ப: லான்செட் வாபஸ் வாங்கியது. 2017-ல் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் கிளம்பிய புரளியால் பெற்றோர் தயங்கி, தமிழ்நாட்டில் முகாமையே நீட்டிக்க வேண்டியிருந்தது. அதை அனுப்பிய சித்தப்பாக்களில் ஒருவராவது வாபஸ் வாங்கினாரா?

கே: நிபுணரிடம் கேட்க ஒரே ஒரு கேள்வி சொல்லுங்களேன்.
– சேலம் வாசகி

ப: 'எதைப் பார்த்தால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள்?' பதில் இல்லையென்றால் அடுத்த டாக்டரைப் பாருங்கள்.

கே: ஊசி வேண்டாம் என்கிற மாமனாருக்கு ஆய்வுக் கட்டுரைகளாக அனுப்புகிறேன். மசியவில்லையே?
– ஈரோடு வாசகர்

ப: ஊர் நர்சம்மாவை ஒரு நடை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். மாமனாரின் மகளுக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுத்தவராகவே இருந்தால் ரொம்ப விசேஷம். கட்டுரை சரிதான் சார், அனுப்பும் ஆள்தான் இடிக்கிறது. உங்களுக்குப் பெண் கொடுத்தது சரிதானா என்பதிலேயே அவருக்கு இன்னும் முடிவு வந்திருக்காது.