பியூப்லோவின் ஜாதகம்

இந்தக் கப்பலின் ஜாதகத்தில் கடலே கிடையாது. 1944இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள கிவானியில் நல்ல தண்ணீரில் இறக்கிவிட்டார்கள். உப்புத் தண்ணீரை ருசிபார்க்க நாட்டின் குறுக்கே ஆற்று வழியாக நியூ ஆர்லியன்ஸ் வரை இறங்கியாக வேண்டும். கட்டச் சொன்னது கடற்படைகூட இல்லை, தரைப்படை. தீவு தீவாகச் சரக்கு இறக்க 177 அடியில் ஒரு மிதக்கும் லாரி. பெயர் வைக்கவும் யாருக்கும் நேரமில்லை, எஃப்.பி. 344 என்று ஒரு நம்பர்.

1954இல் ஓரங்கட்டினார்கள். நிம்மதியாகத் துருப்பிடிக்க விட்டிருக்கலாம். 1966இல் கடற்படை அதை வாங்கி, பியூப்லோ என்று பெயர் சூட்டி, தலையில் ஆன்டெனாக்களை நட்டு, 'கடல் ஆராய்ச்சி' என்று சொல்லி ஒட்டுக்கேட்க அனுப்பியது. சுக்கான் இயந்திரம் ஒரு லிஃப்ட் கம்பெனியின் கைவண்ணம், நினைத்தபோது நின்றுவிடும். ஆபத்தென்றால் ரகசியங்களை அழிக்க வெடிச்சாதனம் வேண்டுமென்று கேப்டன் லாயிட் பூச்சர் கேட்டுப்பார்த்தார். கிடைக்கவில்லை.

1968 ஜனவரி 23, வொன்சான் துறைமுகத்துக்கு வெளியே வட கொரியப் படகுகள் சூழ்ந்தன. கப்பலில் இருந்தவை இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள். அவற்றை மூடிய தார்ப்பாயோ பனியில் உறைந்து விறைத்திருந்தது. உலக வல்லரசின் ரகசியக் கருவிகளைச் சம்மட்டியாலும் கோடரியாலும் உடைத்துக்கொண்டிருந்தார்கள். சூடுபட்டு ஒரு மாலுமி இறந்தார். அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

மிச்சம் 82 பேருக்குப் பதினொரு மாதச் சிறை. பிரசாரப் படம் எடுத்தபோதெல்லாம் நடுவிரலை நீட்டி நின்றார்கள். கேட்டதற்கு 'ஹவாய்த் தீவு ஆசீர்வாதம்' என்று விளக்கம். காவலர்களும் நம்பினார்கள். டைம் பத்திரிகை அதற்குச் சரியான பொருளை அச்சிட்டுத் தொலைத்தது. பிறகு விழுந்த அடிக்குக் கணக்கில்லை. பத்திரிகைக்காரர்கள் சில நேரம் வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

ஆட்களை விடுவிக்க வட கொரியா மன்னிப்புக் கடிதம் கேட்டது. கடைசியில் டிசம்பரில் ஓர் அமெரிக்கத் தளபதி, 'இந்த மன்னிப்புக் கடிதம் பொய்' என்று உரக்க வாசித்துவிட்டு, அதிலேயே கையெழுத்துப் போட்டார். இரு தரப்புக்கும் பரம திருப்தி. ஆட்கள் வந்தார்கள், கப்பல் வரவில்லை.

இன்று அது பியோங்யாங்கில் ஆற்றோரம் அருங்காட்சியகமாக நிற்கிறது. அமெரிக்கக் கடற்படைப் பதிவேட்டிலோ இன்னும் பணியில்தான் இருக்கிறது. 2021இல் அமெரிக்க நீதிமன்றம் மாலுமிகளுக்கும் குடும்பத்தினருக்கும் 230 கோடி டாலர் நஷ்டஈடு தரும்படி வட கொரியாவுக்கு உத்தரவிட்டது. பிரதிவாதி வழக்குக்கே வரவில்லை.