பாரிஸ் மாப்பிள்ளைகள்

நூறு வருஷத்துக்கு முன்பு ஒரு கிருமிக்கு உங்கள் பெயரை வைக்க வேண்டுமானால், முதலில் அந்தக் கிருமியால் நீங்கள் சாக வேண்டும். டைஃபஸ் காய்ச்சலை ஆராய மெக்சிகோ போன ஹோவர்ட் ரிக்கெட்ஸ் 1910-ல் அதே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அடுத்து ஆராய வந்த புரோவாசெக் 1915-ல் போனார். 1916-ல் இருவர் பெயரையும் ஒட்டி, கிருமிக்கு ‘ரிக்கெட்சியா புரோவாசெக்கி’ என்று நாமகரணம் நடந்தது. இந்தச் சம்பிரதாயத்தை மீறி, சாகாமலே பெயர் வாங்கியவர் ஹார்வர்டில் நோயியல் பேராசிரியராக இருந்த பர்ட் வோல்பாக். 1954 வரை இருந்தார். அவருக்குக் கிடைத்த கிருமி அப்படி. அதற்கு மனிதர்கள் மேல் எந்த அக்கறையும் கிடையாது.

1924-ல் வோல்பாக்கும் மார்ஷல் ஹெர்டிக் என்பவரும் ரிக்கெட்சியாவின் பங்காளிகள் வேறு எந்தப் பூச்சியிலாவது குடியிருக்கிறார்களா என்று, அகப்பட்ட பூச்சியையெல்லாம் அறுத்துப் பார்த்தார்கள். சாதாரண கியூலெக்ஸ் கொசுவின் சூலகத்தில், செல்களுக்குள்ளேயே, பொடிப் பொடியாக ஏதோ இருந்தது. பன்னிரண்டு வருஷம் கழித்து, 1936-ல் ஹெர்டிக் அதை விரிவாக வர்ணித்து ‘வோல்பாக்கியா பிப்பியென்டிஸ்’ என்று பெயர் சூட்டினார். மதிப்புக்குரிய ஒரு பேராசிரியரின் பெயரை, பெண் கொசுவின் சூலகத்தில் சொகுசாகக் குடியிருக்கும் ஜந்துவுக்கு வைப்பது மரியாதையா கிண்டலா என்று எனக்கு இன்னும் புரியவில்லை. நோய் தராத கிருமியை யார் சீண்டுவார்கள்? கட்டுரை நூலகத்துக்குப் போயிற்று. தூசி படிந்தது.

கிருமியின் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். அது முட்டை வழியாகத்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும். விந்தணுவில் அதற்கு இடமில்லை. ஆகவே வோல்பாக்கியாவைப் பொறுத்தவரை ஆண் பிள்ளை என்பது வெட்டிச் செலவு. சில பூச்சிகளில் ஆண் கருக்களைக் கொன்றுவிடுகிறது. மரவட்டைபோலச் சுருண்டுகொள்ளும் ஒருவகைச் சிறு ஜந்துவில் ஆணாகப் பிறக்க வேண்டியதைப் பெண்ணாக மாற்றிவிடுகிறது. ட்ரைக்கோகிரம்மா என்ற பொடிக் குளவியில் அப்பனே இல்லாமல் மகள்களைப் பெற வைக்கிறது. சமோவா தீவில் ஒரு வண்ணத்துப்பூச்சி இனத்தில் 2001-ல் நூற்றுக்கு ஒன்றுதான் ஆண். (அந்த ஒன்றின் வாழ்க்கையைக் கற்பனை செய்து பொறாமைப்பட வேண்டாம். பெண்கள் எண்ணிக்கை மட்டுமல்ல, எதிர்பார்ப்பும் அதிகமாக இருந்திருக்கும்.) 2006-க்குள் கிருமியை அடக்கும் மரபணு பரவி, ஆண்கள் சுமார் நாற்பது சதவீதம் வரை மீண்டுவிட்டார்கள்.

கொசுவிலோ அது ஆளைக் கொல்வதில்லை. கல்யாணத்தைத்தான் கெடுக்கிறது. கிருமி உள்ள ஆண், கிருமி இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரியாது. பெண்ணிடமும் அதே கிருமி இருந்தால் எல்லாம் சுபம். இருவரிடமும் வேறு வேறு ரகக் கிருமி இருந்தால் மறுபடியும் சிக்கல்.

இது தெரியாமல் மாட்டிக்கொண்டவர் ஜெர்மனியின் ஹான்ஸ் லாவென். 1950-களில் ஊர் ஊராகக் கியூலெக்ஸ் கொசு பிடித்து வந்து, தரகர் வேலை பார்த்தார். ஹாம்பர்க் மாப்பிள்ளை, வேறு ஊர்ப் பெண். பத்துப் பொருத்தமும் இருக்கிறது, குழந்தை மட்டும் இல்லை. மாப்பிள்ளை வீட்டையும் பெண் வீட்டையும் இடம் மாற்றினால் குஞ்சும் குளுவானுமாகப் பொரிக்கிறது. தோஷம் தாய்வழியில், முட்டையின் சைட்டோபிளாசத்தில், அதாவது செல்லின் கூழில்தான் என்று லாவென் கச்சிதமாகக் கண்டுபிடித்தார். சைட்டோபிளாசத்தில் என்ன இருக்கிறது என்று ஹெர்டிக் 1936-லேயே எழுதி வைத்திருந்தார். இரண்டையும் யாரும் சேர்த்துப் படிக்கவில்லை.

காரணம் தெரியாவிட்டால் என்ன, காரியம் ஆகட்டும் என்று லாவென் பர்மாவுக்குப் போனார். 1967-ல் ரங்கூன் பக்கம் ஓக்போ என்ற கிராமம். அங்கே யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுக்களுக்காக, பாரிஸ் தாய்வழிச் சைட்டோபிளாசமும் கலிஃபோர்னியா மரபணுவும் கலந்த ஆண் கொசுக்களை வளர்த்து, நாள்தோறும் ஆயிரக்கணக்கில் திறந்துவிட்டார். ஆண் கொசு கடிக்காது என்பதால் கிராமத்தாருக்கு நஷ்டமில்லை. பர்மாப் பெண் கொசுக்கள் பாரிஸ் மாப்பிள்ளைகளை வேண்டாம் என்று சொல்லவில்லை. சில மாதங்களில் முட்டைகள் பொரிவது நின்றுபோயிற்று. ஒரு பாக்டீரியாவை வேலைக்கு வைத்து ஒரு கிராமத்துக் கொசுவின் வம்சத்தையே முடித்தாகிவிட்டது. அப்படி ஒரு வேலைக்காரன் இருப்பது முதலாளிக்கே தெரியாது!

நாலு வருஷம் கழித்து, 1971-ல் கலிஃபோர்னியாவில் ஜேனிஸ் யென், ரால்ஃப் பார் இருவரும் கொசுவுக்கு டெட்ராசைக்ளின் கொடுத்தார்கள். கிருமி செத்தது, தோஷம் நீங்கியது. பரிகாரம் ஒரு ஆன்டிபயாடிக். ஹெர்டிக் அப்போது உயிரோடுதான் இருந்தார்.

இதற்கிடையில் டெல்லியில் உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து, மரபணு வழியில் கொசு ஒழிக்க ஒரு பிரிவு நடத்தின. பணம் பெரும்பாலும் அமெரிக்காவுடையது. கியூலெக்ஸோடு நிறுத்தாமல் ஏடிஸ் கொசுவையும் ஆராய்ந்தார்கள். ஏடிஸ் மஞ்சள் காய்ச்சலைப் பரப்பும். இந்தியாவிலோ மஞ்சள் காய்ச்சலே கிடையாது. அப்புறம் எதற்கு? 1974-ல் பத்திரிகைகளில் செய்தி கிளம்பியது. இது கிருமி யுத்தத்துக்கான ஒத்திகை என்றார்கள். விவகாரம் நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு வரை போய், 1975-ல் பிரிவுக்கு மூடுவிழா. ஏடிஸ் டெங்குவையும் பரப்பும் என்பது அந்தக் கூச்சலில் எடுபட்டதாகத் தெரியவில்லை. சந்தேகப்பட்டவர்களை நான் முட்டாள்கள் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்கப் பணமும் கொசுவும் ஒரே வாக்கியத்தில் வந்தால் அந்தக் காலத்தில் யாருக்கும் புருவம் உயரும்.

யானைக்கால் நோயைத் தரும் புழுவின் கதை இன்னும் அநியாயம். 1970-களிலேயே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் புழுவின் செல்லுக்குள் பாக்டீரியா தெரிந்தது. படத்தைக் கட்டுரையில் போட்டுவிட்டு, ‘சரி, இருக்கட்டும்’ என்று நகர்ந்துவிட்டார்கள். 1990-களில்தான் அது வோல்பாக்கியா என்று தெரிந்தது. பூச்சியில் அது அழையா விருந்தாளி, புழுவிலோ வீட்டைத் தாங்கும் தூண். அது இல்லாமல் புழு குட்டி போடாது, நாளடைவில் செத்தும் போகும். புழுவை நேரே தாக்கும் மருந்தையே காலமெல்லாம் தேடிய மருத்துவர்களுக்கு, நாலு முதல் ஆறு வாரம் டாக்ஸிசைக்ளின் போதும் என்று ஜெர்மானிய ஆய்வாளர் ஆக்கிம் ஹோராஃப் குழு காட்டியது. கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் அதைத் தர முடியாது. ஆறு வாரம் தினமும் மாத்திரை விழுங்க ஊரையே சம்மதிக்க வைப்பதும் யாராலும் ஆகாது. அதனால் அது தனி நோயாளிகளின் மருந்தாகவே நின்றது.

மறுபடி கொசுவுக்கு வருவோம். டெங்குவை முக்கியமாகப் பரப்பும் ஏடிஸ் இனத்திடம் இயற்கையில் வோல்பாக்கியா இல்லை. ஆஸ்திரேலியாவின் ஸ்காட் ஓ’நீல் குழு, பழ ஈயிலிருந்து எடுத்ததைக் கொசு முட்டைக்குள் ஊசியால் ஏற்றியது. உள்ளே போன கிருமி டெங்கு வைரஸைப் பெருக விடுவதில்லை. 2011-ல் ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸ் பக்கம் அந்தக் கொசுக்களைத் திறந்துவிட்டார்கள். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நடந்த சோதனையில் டெங்கு 77 சதவீதம் குறைந்ததாக 2021-ல் முடிவு வந்தது.

நம் பக்கத்தில், டெல்லிப் பிரிவு மூடப்பட்ட அதே 1975-ல் புதுச்சேரியில் தொடங்கிய நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், 2022-ல் வோல்பாக்கியா ஏற்றிய இரண்டு ரக ஏடிஸ் கொசுக்களை வளர்த்துவிட்டதாக அறிவித்தது. ஊருக்குள் திறந்துவிடப் பல துறைகளின் அனுமதி வேண்டும் என்றும் சொன்னார்கள். கொசுவுக்குத் தலைமுறை இரண்டு மூன்று வாரம். கோப்புக்கு எவ்வளவு என்று சொல்லவில்லை.