வில்லுக்கும் ஒரு கொக்கி

கேள்வி: அமெரிக்காவில் மான் வேட்டைக்காரர்கள் வில்லோடு பரணில் ஏறி மணிக்கணக்காகக் காத்திருப்பார்களாமே! அவ்வளவு நேரமும் வில்லைக் கையிலேயா பிடித்திருப்பார்கள்?

பதில்: அப்படிப் பிடித்திருந்தால் மான் வரும் நேரத்தில் கை மரத்துப்போய்விடுமே! 1969-ல் ஹாலஸ் வில்பர் ஆலன் காப்புரிமை பெற்ற காம்பவுண்டு வில்தான் இன்று அங்கே பலர் கையில். நாணை முழுக்க இழுத்ததும் அதிலுள்ள கப்பிகள் பாரத்தில் பெரும்பங்கைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் நாணை இழுக்காமல் காத்திருக்கும்போது கப்பி என்ன செய்யும்? அம்புகளும் குறிகாட்டியும் சேர்ந்தால் வில் 2 கிலோவைத் தாண்டிவிடும். 2 கிலோ அரிசிப் பையை அரைமணி நேரம் ஏந்திப் பாருங்கள், தோள் கதை சொல்லும்.

அதனால் பரண் உள்ள மரத்தில் வில்லைத் தொங்கவிட ஒரு கொக்கி மாட்டுகிறார்கள். அதை எங்கே மாட்டுவது என்பதில்தான் சூட்சுமம். உட்கார்ந்தபடி ஒரு சாண் கையை நகர்த்தினாலே வில்லின் பிடி சிக்க வேண்டும். அம்பு நாணில் பூட்டியே இருக்கும். வெள்ளைவால் மான் சின்ன அசைவையும் கண்டுகொள்ளும். உலோகத்தில் உலோகம் உரசி ஒரு ‘கிளிக்’ கேட்டால் போதும், வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடும். கொக்கிக்கு ரப்பர் உறை போடுவது அதற்காகத்தான்.

சிலர் வில்லின் கீழ்முனையைத் தொடைமேல் ஊன்றி, பிடியை லேசாகப் பற்றியிருப்பார்கள். எனக்குப் பிடித்தது இதுதான். கொக்கியிலிருந்து கழற்றும் வேலையே இல்லை, அப்படியே உயர்த்தலாம்.

ஒன்று முக்கியம்: வில்லோடு மரம் ஏறக் கூடாது. ஏறி, பாதுகாப்பு வாரை மரத்தில் கட்டிய பிறகே வில்லைக் கயிற்றில் மேலே இழுக்க வேண்டும்.