சொட்டுக் கணக்குத் தேன்

எங்கள் சிறுவயதில் மதுரைச் செல்லூரில் யாரும் தேனைப் பானத்துக்கு ஊற்றியதில்லை. தறி ஓடும் வீடுகளில் சாமி மாடத்துக்குப் பக்கத்தில், சின்னக் கண்ணாடிப் புட்டியில், மருந்தாகத்தான் அது இருக்கும். இருமலுக்குத் துளசிச் சாற்றோடு கால் கரண்டி, வயிறு சரியில்லை என்றால் சுக்குப் பொடியோடு கால் கரண்டி. அப்பத்தா மூடியைத் திறந்தால் நாங்கள் எல்லாரும் இருமுவோம். தேனைத் தாராளமாகப் பார்க்க வேண்டுமென்றால் திருவாப்புடையார் கோயிலில் அபிஷேகம் நடக்கும் நாளுக்குக் காத்திருக்க வேண்டும்.

கோடையில் தாகத்துக்கு நன்னாரிதான். நாட்டு மருந்துக் கடையில் வேர் வாங்கி வந்து, மண் போகக் கழுவி, தட்டி, நடுவில் இருக்கும் கட்டை நரம்பை எடுத்துவிட்டு, மேல்தோலை மட்டும் கொதிநீரில் இரவு முழுக்க ஊறவைப்பார்கள். மறுநாள் அந்த நீரை வடிகட்டி, ரேஷன் சீனியைப் போட்டுப் பாகு காய்ச்சுவார்கள். தெரு முழுக்க அந்த வாசனை வரும். எலுமிச்சம்பழமும் பானைத் தண்ணீரும் சேர்த்தால் சர்பத். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகையின் வடகரையில் பானகமும் நீர்மோரும் அண்டா அண்டாவாகக் கொடுப்பார்கள். அந்தப் பானகத்திலும் வெல்லம்தான். யாரும் தேனைத் தேடவில்லை.

இன்று தம்பி வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் தேன்பாகு இருக்கிறது. கேட்டரிங் படித்துவிட்டுச் சென்னையில் ஓட்டலில் வேலை பார்க்கும் தம்பி மகள் விடுமுறைக்கு வந்தபோது செய்து வைத்தது. "தேனை அப்படியே ஊத்துனா ஐஸ்ல பட்டு அடியில கட்டிக்கிரும் அத்தை, எவ்வளவு கலக்குனாலும் கரையாது. முதல்லயே தண்ணியில கரைச்சு வச்சுக்கணும்" என்றாள். அவள் சொன்னது சரி. ஒரு லிட்டர் தேன் ஏறக்குறைய 1.4 கிலோ எடை இருக்கும். குளிரக் குளிர இன்னும் இறுகும். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்த காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் 'பீஸ் நீஸ்' என்ற பானம் ஜின், எலுமிச்சை, தேன் மூன்றும் சேர்ந்தது. அதற்கும் இதே பாகைத்தான் ஊற்றுகிறார்கள். எங்கள் வீட்டில் மதுவுக்கு இடமில்லை. எலுமிச்சைச் சாற்றிலும் சோடாவிலும் சுக்குத் தண்ணீரிலும் ஊற்றுகிறோம்.

செய்முறை எளிது. ஒரு கிண்ணம் தேனுக்கு ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான தண்ணீர். விரல் தாங்கும் சூடு போதும். தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து, அந்தச் சூட்டுக்கு ஆறவிட்டு, அதில் தேனைக் கலக்க வேண்டும். தேனை அடுப்பில் ஏற்றக் கூடாது. 'தேனைச் சுட வைக்காதே' என்று அப்பத்தா அதட்டியது என் காதில் இன்னும் இருக்கிறது. தேன் கூட்டின் உள்சூடே சுமார் 35 டிகிரிதான். அதற்கு மேல் வெகுவாகச் சூடேற்றினால் தேனின் மணமும் நொதிகளும் போய்விடும் என்று இன்று ஆய்வகமும் சொல்கிறது. நன்னாரி வேரை அந்தத் தண்ணீரில் முன்பே ஊறவைத்து வடித்துக்கொண்டால், என் நாக்குக்கு அதைவிடச் சிறந்த பாகு இல்லை. ஒரு தம்ளருக்கு இரண்டு கரண்டி பாகு, அரை மூடி எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு, ஊறிய சப்ஜா விதை.

ஒன்றை மறக்கக் கூடாது. தேன் வெளியில் இருந்தாலும் கெடாததற்குக் காரணம் அதில் தண்ணீர் குறைவு; நூற்றுக்குப் பதினெட்டு பங்கு போல இருக்கும். பாகாக்கியதும் பாதிக்கு மேல் தண்ணீராகிவிடுகிறது, புளிக்கத் தொடங்கும். மதுரை வெயிலில் வெளியே வைக்கவே கூடாது. குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு வாரம் வைக்கலாம். அதனால் கொஞ்சமாகச் செய்வதே நல்லது.

அன்று பிறந்த குழந்தைக்குச் சேனைத் தண்ணி ஊற்றுவார்கள். குடும்பத்தில் நல்ல குணமுள்ள பெரியவர் தேனோ சீனித் தண்ணீரோ தொட்டுக் குழந்தையின் நாக்கில் வைப்பார். அவர் குணம் குழந்தைக்கு வரும் என்று நம்பிக்கை. அன்று தேன் பச்சைக் குழந்தைக்கு உரியது, பெரியவர்களுக்கு எட்டாதது. இன்று பெரியவர்கள் தம்ளர் தம்ளராகக் குடிக்கலாம், ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிரின் விதைகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சாகி நரம்பைத் தாக்கும். வெதுவெதுப்பான நீரில் கலப்பதால் அவை சாகாது. பாகுக்கும் இதே விதிதான்.

தேனின் தரத்தில் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள தூரம்தான் எனக்கு வருத்தமானது. சிறுமலைப் பக்கமிருந்து தலைச்சுமையாகத் தேன் கொண்டுவருபவர்களிடம் அப்பத்தா உள்ளங்கையில் ஒரு சொட்டு வாங்கி நக்கிப் பார்ப்பார். வெல்லப்பாகு கலந்திருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். தண்ணீரில் சொட்டு விடுவது, திரியில் தோய்த்துக் கொளுத்துவது என்று தெருவில் ஆளுக்கொரு சோதனை வைத்திருந்தார்கள். கெட்டியான சீனிப்பாகும் அந்தச் சோதனைகளில் தேறிவிடும். உறைந்துபோன தேனைச் சீனி கலந்தது என்று கொட்டுபவர்களும் உண்டு. நல்ல தேனே உறையும். குளுக்கோஸ் கூடுதலாக இருந்தால் சீக்கிரம் உறையும்.

2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 கம்பெனிகளின் தேனைச் சோதித்து முடிவை வெளியிட்டது. ஜெர்மனி ஆய்வகத்தின் காந்த அதிர்வுச் சோதனை உட்பட எல்லாவற்றிலும் தேறியவை மூன்றுதான். வழக்கமான சோதனைகளில் சிக்காதபடியே தயாரித்த சர்க்கரைப்பாகுகள் விற்கப்படுவதையும் அந்த மையம் வெளிப்படுத்தியது. கம்பெனிகள் மறுத்தன. ஆனால் அப்படிப்பட்ட புட்டியை வாங்கி நாம் பாகு செய்தால், சீனிப்பாகுக்குத் தண்ணீர் ஊற்றி மறுபடி சீனிப்பாகு செய்கிறோம், அதுவும் தேன் விலை கொடுத்து.

தேன் வளர்ப்பவர்கள் படும் பாட்டை நினைத்தால் இந்தக் கலப்படம் மேலும் கசக்கிறது. 1990களின் தொடக்கத்தில் ஒரு வைரஸ் நோய் தென்னிந்தியாவில் நாட்டுத் தேனீக் கூட்டங்களை வாரிக்கொண்டு போனது. அதிலிருந்து மீண்டு பெட்டி வைத்திருக்கிறார்கள். மார்த்தாண்டத்தில் ரப்பர் துளிர்க்கும் பருவத்தில், பூவிலிருந்து அல்லாமல் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பிலிருந்து தேனீக்கள் சேர்க்கும் தேன் வருகிறது. முருங்கைப் பருவத்தில் வேறு ருசி. பருவத்துக்குப் பருவம் மாறுவதுதான் தேன். ஆண்டு முழுக்க ஒரே நிறம், ஒரே ருசி இருந்தால் சந்தேகப்படுங்கள்.

பாகு செய்ய ஆசைப்பட்டால் தேனீப் பெட்டி வைத்திருப்பவரிடம் நேராக வாங்குங்கள். எந்த ஊர், எந்த மாதம் எடுத்தது என்று கேளுங்கள். கொஞ்சம் கூடுதல் விலை ஆனாலும் பேரம் பேசாமல் கொடுங்கள். அப்படிப்பட்ட தேன் கிடைக்கவில்லை என்றால் நன்னாரி வேர் வாங்கிச் சீனியில் பாகு காய்ச்சிக்கொள்ளுங்கள். பொய்த் தேனைவிட அது எவ்வளவோ மேல்.