பின்பக்கம் தேய்ந்த பேண்ட்

என் அலமாரியில் ஒரு டிராக் பேண்ட் மடித்து வைத்திருக்கிறேன். முன்னால் பார்த்தால் கடையில் தொங்கிய புதுசு. பின்னால் திருப்பினால் சல்லடை. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் போட்டது. தரை துடைக்கவாவது கொடுங்கள் என்று மனைவி மூன்று தடவை கேட்டுவிட்டாள். கொடுக்கவில்லை. அதற்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது.

எல்லாம் 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் ஆரம்பித்தது. பதினைந்து மீட்டர் சுவரை இந்தோனேசியாவின் வெட்ரிக் லியோனார்டோ 4.75 விநாடியில் ஏறித் தங்கம் வாங்கினார். எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் கதவு மூடவே அதைவிட நேரம் பிடிக்கும். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் மகள் கேட்டாள்: "அப்பா, உங்களுக்கு இப்படிக் கேறத் தெரியுமா?" நாங்கள் நாகர்கோவில்காரர்கள். எங்கள் வாயில் 'ஏறு' என்பது 'கேறு' என்றுதான் வரும். திருவனந்தபுரத்துக்கு வந்தபின் சுற்றி இருக்கும் மலையாளமும் அதையே சொல்வதால், அந்த வார்த்தை வீட்டில் நிலைத்துவிட்டது.

"தெரியாம என்ன? சின்ன வயசுல மருந்துவாழ் மலையில நான் கேறாத பாறையா?" என்றேன்.

உண்மை என்னவென்றால், ஏழாம் வகுப்புச் சுற்றுலாவில் மருந்துவாழ் மலையில் பாதி வழியில் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தவன் நான். மற்றவர்கள் இறங்கி வரும்வரை அவர்களுடைய சோற்றுப் பொதிகளுக்குக் காவல் இருந்தேன். பொய் சொன்னதுகூடப் பரவாயில்லை. மகள் அதை நம்பிவிட்டாள்.

அடுத்த வாரமே எக்செல் தாளைத் திறந்து உட்கார்ந்தேன். 'குடும்பத்துக்கு ஏற்ற பாறைகள்' என்று தலைப்பு. தூரம், உயரம், நிழல், கழிப்பறை, டீக்கடை என்று வரிசையாகக் கட்டங்கள். மகளின் வயதுக்கு ஒரு கட்டம், அறுபத்தெட்டு வயது அத்தையின் முழங்காலுக்கு ஒரு கட்டம். எனக்கு மட்டும் கட்டம் போடவில்லை. தேவைப்படும் என்று தோன்றவில்லை.

அகஸ்தியர்கூடத்தை முதலிலேயே அடித்தேன். 1868 மீட்டர், வனத்துறை அனுமதி வாங்கி, காட்டுக்குள் நாள்கணக்கில் நடக்கிறவர்களின் மலை அது. முதலிடம் கொடுத்தது வர்க்கலைக்கு. கடலோரச் செங்குத்துச் சரிவு, கீழே மணல், மேலே வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள். எல்லாக் கட்டத்திலும் டிக். பெருமையாக அலுவலக நண்பர் ஒருவரிடம் காட்டினேன். அவர் மண்ணியல் படித்துவிட்டு மென்பொருளுக்கு வந்தவர். தாளை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார்.

"அது பாறையில்ல. மேல இருக்கிறது வெட்டுகல்லு. ஈரமா இருக்கும்போது செங்கல் மாதிரி வெட்டி எடுக்கலாம், காத்துப் பட்டா இறுகும். நம்ம ஊர்ல வீடு கட்டுற கல்லுதான். கீழ மணல்கல்லும் களிமண்ணும். மழையில தானா இடிஞ்சு விழும். அதுலயா பிள்ளையைத் தொங்கவிடப் போறீங்க?"

அதோடு விடவில்லை. புக்கானன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மலப்புரம் பக்கம் அங்காடிப்புரத்தில் இந்தக் கல்லைப் பார்த்துத்தான் 1807-ல் 'லேட்டரைட்' என்று பெயர் வைத்தார் என்பதில் தொடங்கி, ஒரு சாயா நேரம் முழுக்கப் பாடம் எடுத்தார். நான் பிறந்த வீட்டின் சுவரே அந்தக் கல்தான். பத்து வயதில் ஆணியால் அதைச் சுரண்டி அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். அதெல்லாம் வர்க்கலைக்கு டிக் போடும்போது ஞாபகம் வரவில்லை.

"சிதறால் போலாமே மாப்பிள்ளே" என்று அத்தை இதற்கிடையில் இரண்டு தடவை சொன்னார்கள். அவர்களுக்கு மார்த்தாண்டம் பக்கம். ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணன் காலத்து வட்டெழுத்து, பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்கள், மேலே போகக் கல் பாவிய பாதை. "அது நடக்கிற இடம் அத்தை, கேறுற இடமில்ல" என்று தள்ளிவிட்டேன். என் தாளில் குடும்பத்துக்கு உண்மையாகவே பொருந்திய ஒரே இடம் அதுதான்.

கடைசியில் தேறியது மடவூர்ப்பாறை. எங்கள் ஸ்ரீகாரியம் வீட்டிலிருந்து செம்பழந்தி வழியாகக் கொஞ்ச தூரம். பெரிய மொட்டைப் பாறை, அதைக் குடைந்த சிவன் கோயில், பிள்ளைகளுக்குப் பூங்கா. செம்பழந்தி நாராயண குரு பிறந்த ஊர். அவர் தவமிருந்த குகை மருந்துவாழ் மலையில் இருக்கிறது, நான் சோற்றுப் பொதிக்குக் காவலிருந்த இடத்துக்கு மேலே. காரில் செம்பழந்தியைத் தாண்டும்போது மகளிடம் இதைச் சொன்னேன், இரண்டாம் பாதியை விட்டுவிட்டு.

தேர்ந்தெடுத்தது அக்டோபர் மாதம். திருவனந்தபுரத்தில் பத்து வருஷத்துக்கு மேல் இருக்கிறவன் இந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்தால் அவனுக்கு மன்னிப்பே கிடையாது. துலாமழைக் காலம். காலையில் வெயில் பல்லைக் காட்டும், மத்தியானத்துக்கு மேல் இடி மின்னலோடு இறங்கும். மொட்டைப் பாறைமேல் இடிக்கு நிற்பதைவிட மடத்தனம் வேறில்லை. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான் இந்தப் பக்கம் பாறைக்கு நல்ல காலம்.

என் தயாரிப்பில் மட்டும் குறை சொல்ல முடியாது. பாறையேறிகளுக்கான ரப்பர் ஷூ வரவழைத்திருந்தேன். விரல் மடங்கும் அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும் என்று படித்து ஒரு அளவு குறைத்தே வாங்கினேன். பாறைக்குக் கீழே போய்த்தான் மாட்ட வேண்டும் என்பதைப் படிக்கவில்லை. காரிலிருந்து பாறைவரை, புது மருமகள் அக்கினியைச் சுற்றி வருவதுபோல அடிமேல் அடி வைத்துப் போனேன். இடுப்பில் ஒரு சின்னப் பை, அதில் கைவியர்வை உறிஞ்சும் மக்னீசியம் கார்பனேட் பொடி. அத்தை அதற்குள் விரலை விட்டுப் பார்த்தார்கள்.

"கோலப்பொடியை எதுக்கு மாப்பிள்ளே இடுப்புல கட்டியிருக்கீங்க?"

தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். பாறையில் ஆணி அடிக்கவோ பொடி பூசவோ கூடாது என்பதையும் நான் யோசிக்கவில்லை. மனைவி பையை அவிழ்த்து வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். கோயிலில் எல்லோரும் செருப்பைக் கழற்றினோம். சாமி கும்பிட்டுவிட்டு நான் மட்டும் ஷூவை மறுபடி மாட்டினேன். அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு சரிவில் நடக்க ஆரம்பித்தார்கள். பின்னாலேயே மகள், பல்லி மாதிரி.

நானும் கேறினேன், படிக்கட்டை விட்டு விலகி. பத்தடி போனதும் சரிவு கொஞ்சம் கூடியது. பயந்தவன் என்ன செய்வான்? குனிந்து பாறையைக் கட்டிக்கொண்டேன். கட்டிக்கொண்டதும் கால் நழுவியது. நழுவியதும் இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். கன்னம் பாறையில். ஓர் எறும்பு மூக்கைத் தாண்டிப் போனது. 2022 பிப்ரவரியில் மலம்புழை குறும்பாச்சி மலை இடுக்கில் ஓர் இளைஞர் இரண்டு நாள் சிக்கிக்கொண்டு, ராணுவம் வந்து மீட்டது நினைவுக்கு வந்தது. என் வலது கைக்கும் படிக்கட்டுக்கும் நடுவே பத்தடி. அங்கே ஒரு குடும்பம் உட்கார்ந்து கடலை தின்றபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மேலேயிருந்து அத்தையின் குரல். "குனியாதீங்க மாப்பிள்ளே! நிமிந்து நில்லுங்க, கால் தானா பிடிக்கும். சின்னப்பிள்ளையில இப்படிப் பாறையிலதான் மரச்சீனி காயப் போடுவோம். பெட்டியைத் தலையில வச்சுக்கிட்டுப் பாறையைக் கட்டிப் பிடிக்க முடியுமா?"

பின்னால் படித்துப் பார்த்தேன். பாறையேற்றப் பாடத்தில் முதல் பாடமே அதுதான். சரிவுப் பாறையில் நிமிர்ந்து நின்றால் உடம்பின் எடை நேரே பாதத்தில் இறங்கும், உராய்வு பிடித்துக்கொள்ளும். சாய்ந்து கட்டிக்கொண்டால் எடை பாதத்தை வெளியே தள்ளிவிடும். பயம் சொல்வதற்கு நேர் எதிராகச் செய்ய வேண்டும். மரச்சீனிப் பெட்டி அத்தைக்கு அதை ஆறு வயதில் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

அந்த நேரத்தில் வானம் உறுமியது. "மழ வருந்நு சேட்டா, வேகம் இறங்ஙிக்கோ!" என்று கீழேயிருந்து யாரோ கத்தினார்கள். அத்தையும் மகளும் என்னைத் தாண்டி இறங்கிப் போனார்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். பூனைக்குச் சறுக்கினால் அதற்கு ஒரு பழமொழிகூடக் கிடையாது. நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்தபடியே அங்குலம் அங்குலமாக இறங்கினேன். பாறை தன் வேலையைப் பேண்ட்டில் செய்துகொண்டே வந்தது. காருக்குப் போகும்வரை மனைவி ஒன்றும் பேசாமல், தன் துப்பட்டாவை எடுத்து என் இடுப்பில் கட்டிவிட்டாள்.

ஜனவரியில் புத்தி வந்தவனாக, கயிறும் பயிற்சியாளரும் இருக்கும் இடத்துக்குக் கூட்டிப் போனேன். எம்.சி. ரோட்டில் ஐம்பது கிலோமீட்டர் வாக்கில், கொல்லம் மாவட்டத்துச் சடையமங்கலம். ராவணன் சிறகை வெட்டிய ஜடாயு விழுந்த பாறை என்பது ஐதீகம். உச்சியில் 200 அடி நீளச் சிலையாக அந்தப் பறவை மல்லாந்து கிடக்கிறது. அங்கே சாகசப் பூங்காவில் பாறையேற்றமும் உண்டு. மகளுக்குத் தோளையும் சேர்த்துப் பூட்டும் முழுவுடல் பட்டை. சின்னப் பிள்ளைகளுக்கு இடுப்பு சிறுத்திருப்பதால், தலைகீழானால் வெறும் இடுப்புப் பட்டை நழுவிவிடும் என்றார் பயிற்சியாளர். அவள் போனாள், தொட்டாள், பின்னால் சாய்ந்து கயிற்றில் நடந்தே இறங்கி வந்தாள்.

என் முறை. மூன்று ஆள் உயரத்தில் "போதும், இறக்குங்க" என்றேன். இறக்க வேண்டுமானால் நான் பாறையை விட்டுக் கயிற்றில் சாய வேண்டும். நான் விடவில்லை.

"சேட்டா, பாறயெ விடூ" என்றார் பயிற்சியாளர்.

"அப்பா, விடுங்க! கயிறு இருக்குல்ல!" என்றாள் மகள்.

"மாப்பிள்ளே, மரச்சீனி!" என்றார்கள் அத்தை.

விட்டேன். எவ்வளவு நேரம் கழித்து என்பதைக் கேட்காதீர்கள். எனக்குப் பின்னால் வரிசை இருந்தது என்று மட்டும் சொல்லலாம்.

அன்று திரும்பும் வழியில், என் மானம் போனது போகட்டும், பொய்யும் இதோடு முடிந்தது என்று உள்ளூர ஒரு நிம்மதி. கழக்கூட்டம் தாண்டும்போது பின்சீட்டிலிருந்து தோளைத் தட்டினாள்.

"அப்பா, கயிறு கட்டினா உங்களுக்குப் பழக்கமில்ல, அதான். அடுத்து மருந்துவாழ் மலை போவோம். நீங்க கேறின பாறையெல்லாம் காட்டுங்க."

டிசம்பரில் போகிறோம். நல்ல பேண்ட் எதையும் எடுத்து வைக்கப் போவதில்லை.